கைக்கு 13,000! கண்ணுக்கு 207!

(திருப்பூரில் பனியன் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பகலெல்லாம் பனியன் கம்பெனிகளிலே உழைத்துவிட்டு, மாலை நேரத்து ஓய்வையும் ஒதுக்கி வைத்துவிட்டு இங்கே கூடியிருக்கும் தோழர்களே!

கூலியைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். கூலியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆனால் கல்வியின் வழியாகப் பேசப்போகிறேன். படிக்கும் பருவம் கடந்துவிட்டது என்று ஊரார் ஒதுக்கிவிட்ட பெரியவர்களுக்கு, கைப்பேசிக் காலத்துக் கல்வியை யார் தருவது? அதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது? இதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

"இதென்ன பெரிய பொருள்? ஆளுக்கொரு கைப்பேசி இருக்கிறது, ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது, டீக்கடையிலே கூடப் பணத்துக்குப் பதில் கட்டம்போட்ட படத்தைக் காட்டுகிறார்கள். டிஜிட்டல் காலம் வந்துவிட்டது, இனி யாருக்கு என்ன குறை?" என்று கேட்பவர்கள் உண்டு. காலம் வந்துவிட்டது, உண்மை. கருவி வந்துவிட்டது, அதுவும் உண்மை. கருவியைக் கையாளும் கல்வி வந்ததா? அதுதான் கேள்வி.

முன்னே நம் பாட்டனார் கடன்பத்திரத்திலே கட்டைவிரலை வைத்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதற்குக் கைநாட்டு என்று பெயர். இன்று பேரன் என்ன செய்கிறான்? 2025 ஆகஸ்ட் முதல், வேலைக்குப் புதிதாக வரும் தொழிலாளி வருங்கால வைப்புநிதி எண்ணைப் பெறுவதற்கே கைப்பேசியின் முன்னே முகத்தைக் காட்ட வேண்டும் என்றாக்கிவிட்டார்கள். திரையிலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாமல் முகத்தைக் காட்டுகிறானே, அதற்கு என்ன பெயர் வைப்பது? முகநாட்டு என்று வைப்போமா? கை போய் முகம் வந்தது. அறியாமை மட்டும் அப்படியே இருக்கிறது!

எண்ணிப் பாருங்கள். வைப்புநிதிப் பணம் கேட்கக் கைப்பேசி. அமைப்புசாராத் தொழிலாளர் என்று பதிவு செய்ய, 2021 ஆகஸ்டிலே தொடங்கப்பட்ட இ-ஷ்ரம் தளம். நலவாரிய அட்டை புதுப்பிக்க இணையம். மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரிலே தொடங்கியது. தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய், நேரே வங்கிக் கணக்குக்கு. வந்ததா, எவ்வளவு நிற்கிறது, யாராவது எடுத்தார்களா என்று அறிய மீண்டும் கைப்பேசி. உரிமைகளெல்லாம் ஒரு சாண் கண்ணாடிக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டன. அந்தக் கண்ணாடிக்குச் சாவி எழுத்து. எழுத்தறியாதவர் வாசலிலே நிற்கிறார்.

நான் நாடகக்காரன், நாடக மேடையிலிருந்தே ஓர் உவமை சொல்கிறேன். திரைக்குப் பின்னாலே ஒருவர் நின்று நடிகனுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பார். மனப்பாடம் இல்லாத நடிகன் அவரை நம்பியே மேடையேறுவான். அவர் சரியாக எடுத்துக் கொடுத்தால் கைத்தட்டல். வேண்டுமென்றே மாற்றிக் கொடுத்தால் அரசன் அடிமையாகிவிடுவான், வள்ளல் திருடனாகிவிடுவான்! இன்று இலட்சக்கணக்கான தொழிலாளர்கள் வாழ்க்கை மேடையிலே அப்படித்தான் நிற்கிறார்கள். கணினிக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறார், காண்ட்ராக்டர் எடுத்துக் கொடுக்கிறார், சில வீடுகளிலே ஆறாவது படிக்கும் பிள்ளை எடுத்துக் கொடுக்கிறது. நல்லவர்கள் நிரம்ப உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நல்லவர் கிடைப்பாரா என்பதை நம்பி ஒருவனுடைய வாழ்நாள் சேமிப்பு இருக்கலாமா?

ஒரு தெருநாடக ஒத்திகைக்கு நடுவே, செக்கிங் வேலை பார்க்கும் அம்மையார் ஒருவர் என்னிடம் கைப்பேசியை நீட்டினார். "ஏனுங் தம்பி, இதுல என்னமோ வந்திருக்குதுங்க, சித்த படிச்சுச் சொல்லுங்களேன்" என்றார். படித்தேன். அவர் கேட்டிருந்த வைப்புநிதிப் பணம் மறுக்கப்பட்டிருந்தது. ஆதாரிலே ஒரு பெயர், நிறுவனப் பதிவேட்டிலே வேறொரு பெயர். செய்தி வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது! நான்கு மாதமாகத் தன் பணத்தின் கதியைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டு, தனக்கே தெரியாமல் நடந்திருக்கிறார் அந்த அம்மையார். நூல் பிசிறை நூறடி தூரத்திலே கண்டுபிடிக்கும் கண் அது. தையல் விட்டுப்போனதை ஒரு நொடியிலே சொல்லும் கண் அது. அந்தக் கண்ணுக்கு நான்கு வரித் தமிழ் எட்டவில்லை. குற்றம் கண்ணுடையதா, கற்றுக்கொடுக்காத நாட்டினுடையதா?

தனி ஒருவரின் துன்பத்தோடு இது நின்றுவிடுமா? நிற்காது. 2023 மார்ச் மாதத்தை இந்த ஊர் மறந்திருக்காது. பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டிலே தாக்குகிறார்கள் என்று காணொளிகள் கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தன. எங்கோ, எப்போதோ, வேறு காரணத்துக்காக நடந்தவற்றின் படங்கள் இங்கே நேற்று நடந்ததாகப் பரப்பப்பட்டன. பெற்றோர் அங்கே பதறினர். பிள்ளைகள் இங்கே பதறினர். இரயில் நிலையங்களிலே கூட்டம் சேர்ந்தது. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து பார்த்தது. அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்பது வெளியாயிற்று. ஆனால் அதற்குள் எத்தனை தறி நின்றது? எத்தனை தையல் இயந்திரம் ஆளில்லாமல் கிடந்தது? பொய்யைச் சொன்னவன் ஒருவன். அதைப் பொய்யென்று பிரித்தறியும் கல்வி பெறாதவர்கள் ஆயிரமாயிரம். அந்தக் கல்வியைத் தராமல் மிச்சம் பிடித்த பணத்தை, ஒரே வாரத்தில் இந்த ஊர் இழந்தது.

சரி, பணத்துக்கு வருவோம். கணக்கைத் திறப்போம்.

ஒன்றிய அரசு 2022-லே ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் என்று பெயர். 2022 முதல் 2027 வரை ஐந்தாண்டு. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 5 கோடிப் பேருக்கு எழுத்தும் எண்ணும் கற்பிக்க வேண்டும். அத்தோடு பண அறிவு, சட்ட அறிவு, டிஜிட்டல் அறிவு, தொழிற்பயிற்சி, தொடர்கல்வி இவ்வளவும் தர வேண்டும். நோக்கத்திலே குறையில்லை. ஒதுக்கிய தொகை எவ்வளவு? ஒன்றியத்தின் பங்கு 700 கோடி, மாநிலங்களின் பங்கு ஏறத்தாழ 338 கோடி. ஆக 1,038 கோடி ரூபாய். பெரிய தொகையாகத் தோன்றுகிறதல்லவா? 5 கோடிப் பேருக்கு வகுத்துப் பாருங்கள். தலைக்கு 207 ரூபாய் சொச்சம்! ஒரு மனிதனை இருளிலிருந்து வெளிச்சத்துக்கு அழைத்து வர, பாரத நாடு ஒதுக்கிய வழிச்செலவு 207 ரூபாய்!

ஆசானுக்கு ஊதியம்? கிடையாது, அவர் தன்னார்வலர். புத்தகம்? செயலியிலே பார்த்துக்கொள்ளலாம். செயலியைத் திறக்கத் தெரியாதே? அதற்கும் செயலியிலேதான் பாடம்! கிணற்றிலே விழுந்தவனைத் தூக்கக் கயிறு வேண்டும் என்றால், கயிறு கிணற்றுக்குள்ளே இருக்கிறது, எடுத்துக்கொள் என்பதைப் போல.

இதே நாட்டிலே, இதே துணித் தொழிலுக்கு, இன்னொரு கணக்கும் உண்டு. 2017 டிசம்பரிலே சமர்த் என்ற திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 10 இலட்சம் பேருக்குத் துணித் தொழிலிலே பயிற்சி தர 1,300 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள். தலைக்கு 13,000 ரூபாய்! அதைக் குறை சொல்ல வரவில்லை. கொடுக்கட்டும், இன்னும் கூடக் கொடுக்கட்டும். ஓவர்லாக் இயந்திரத்தை ஓட்டக் கற்றவன் பிழைத்துக்கொள்கிறான். ஆனால் பாருங்கள் தோழர்களே, தொழிலாளியின் கைக்கு 13,000. தொழிலாளியின் கண்ணுக்கு 207. கையின் விலை கண்ணின் விலையைப் போல அறுபது மடங்கு! ஏன்? கை தைத்தால் கப்பலிலே சரக்கு ஏறும். கண் திறந்தால்? கூலிச் சீட்டைப் படிக்கும், பிடித்தம் ஏன் என்று கேட்கும், சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கும். கை உழைக்க வேண்டும், கண் உறங்க வேண்டும் என்று எவரும் ஏட்டிலே எழுதி வைக்கவில்லை. ஆனால் ஒதுக்கீட்டுப் பட்டியல் அதைத்தான் சொல்கிறது.

"கிராமங்களுக்கு டிஜிட்டல் கல்வித் திட்டம் நடத்தினோமே" என்பார்கள். நடத்தினார்கள். 2017 பிப்ரவரியிலே ஒப்புதல். 6 கோடி வீடுகளுக்கு 2,351 கோடி. தலைக்கு 392 ரூபாய். இருபது மணி நேரப் பாடம். 6 கோடியே 39 இலட்சம் பேருக்குப் பயிற்சி தந்ததாகக் கணக்கு. 2024 மார்ச் 31-ஆம் நாளோடு திட்டம் முடிந்தது. ஊரகத்துக்கு மட்டும் என்பது அதன் விதி. வீட்டுக்கு ஒருவர் என்பது இன்னொரு விதி. திருப்பூர் மாநகராட்சிக்குள்ளே வரிசை வீட்டிலே பத்துப் பேராகத் தங்கியிருக்கும் தொழிலாளி எந்த ஊரகம்? பீகாரிலே வீடு, திருப்பூரிலே வேலை. வீட்டுக்கு ஒருவர் என்றால் எந்த வீட்டுக்கு? ஊரை விட்டு வந்ததனால் ஊரகத் திட்டம் இல்லை. நகரத்திலே வேரில்லாததால் நகரமும் கணக்கிலே சேர்ப்பதில்லை.

இந்த இடத்திலே ஒரு நண்பர் எழுந்து கேட்கக்கூடும்: "பணம் பணம் என்கிறீரே, பணமா கல்வி தரும்? அறிவொளி இயக்கம் பணத்தாலா நடந்தது? தொண்டாலல்லவா நடந்தது?"

நல்ல கேள்வி. அறிவொளியை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது. 1991-92-லே புதுக்கோட்டையிலே கல்குவாரிப் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் எழுத்துக் கற்றார்கள். எழுத்தோடு நிற்கவில்லை, சைக்கிள் கற்றார்கள்! எதற்குச் சைக்கிள்? படித்தவள் வங்கிக்குப் போக வேண்டும், சந்தைக்குப் போக வேண்டும், பிறர் கையை எதிர்பார்க்கக் கூடாது. எழுத்தும் சக்கரமும் சேர்ந்தால்தான் விடுதலை என்று கண்டார்களே, அதுதான் அறிவு. அன்றைய சைக்கிள்தான் இன்றைய கைப்பேசி. தெருத்தெருவாக நாடகம், பாட்டு, விளக்கு, ஆயிரக்கணக்கான தொண்டர்கள். என்னைப் போன்ற நாடகக்காரர்களுக்கு அதுவே பெருமைமிக்க பரம்பரை.

ஆனால் அதற்குப் பின்னே நடந்ததையும் பார்க்க வேண்டும். எழுத்து என்பது பயிர். விதைத்தால் போதாது, நீர் பாய்ச்ச வேண்டும். இயக்கம் முடிந்த பிறகு தொடர்கல்வி மையம், படிக்க நூல், பொறுப்பாளருக்கு ஊதியம் எல்லாம் வேண்டியிருந்தன. அங்கேதான் கை சுருங்கியது. 2009-லே சாக்ஷர் பாரத் என்று புதுத் திட்டம் வந்தது. பெண்களின் எழுத்தறிவு 50 விழுக்காடும் அதற்குக் கீழும் உள்ள மாவட்டங்களையே அது நாடியது. வளர்ந்தவை என்று பெயர் வாங்கிய மாவட்டங்கள் வாசலிலேயே நின்றன. வளர்ந்த மாவட்டத்திலே வளராதவன் இருந்தால் அவன் பாடு அவனுக்கு! அந்தத் திட்டத்திலே மையப் பொறுப்பாளருக்கு மாதம் 2,000 ரூபாய். 2018 மார்ச்சோடு அதுவும் நின்றது. அடுத்து வந்த திட்டங்களிலே அந்த 2,000-மும் வேண்டாம், தொண்டு போதும் என்றார்கள். தொண்டு தீபத்தை ஏற்றும். எண்ணெய் ஊற்ற நிதி வேண்டும். ஏற்றியவன் தலையிலேயே எண்ணெய்ச் செலவையும் கட்டினால், விளக்கு எத்தனை நாள் எரியும்?

நம் மாநிலத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 2021-லே கொரோனாவுக்குப் பின், இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. ஏறத்தாழ 200 கோடி ஒதுக்கி, தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். பெரிய தொகையல்ல, ஆயினும் உன் நேரத்துக்கு மதிப்புண்டு என்று அரசு சொன்னது. இலட்சக்கணக்கானோர் முன்வந்தனர். பிள்ளைகளுக்குச் செய்ததைப் பெற்றவர்களுக்குச் செய்யக்கூடாதா?

இனி, நம் பனியன் போய் இறங்கும் ஐரோப்பாவைப் பார்ப்போம். அங்கே பெரியவர்களின் படிப்புக்கு யார் பணம் தருகிறார்கள்?

டென்மார்க் நாட்டிலே, குருண்ட்விக் என்ற அறிஞரின் எண்ணத்தால், 1844-லேயே உழவர் வீட்டு இளைஞர்களுக்கென மக்கள் கல்விக்கூடம் எழுந்தது. சுவீடனிலே 1902-லே படிப்பு வட்டங்கள் தோன்றின. மதுவிலக்குச் சங்கத்தாரும் தொழிற்சங்கத்தாரும் வட்டமாக அமர்ந்து படித்தனர். பின்னாளிலே அரசு அவற்றுக்குப் பணம் தந்தது. பணம் தந்ததே தவிர, என்ன படிக்க வேண்டும் என்று ஆணை தரவில்லை.

பிரான்சு நாட்டிலே 1971-லே ஒரு சட்டம். பத்துப் பேருக்குக் குறையாமல் வைத்து நடத்தும் முதலாளி, தான் தரும் மொத்தக் கூலியிலே 0.8 விழுக்காட்டைத் தொழிலாளரின் கல்விக்குச் செலவிட வேண்டும் என்றது. இன்று பதினொரு பேருக்குக் குறையாத நிறுவனமானால் 1 விழுக்காடு. அதற்கும் சிறியதானால் 0.55 விழுக்காடு. அந்தப் பணத்திலிருந்து ஒவ்வொரு தொழிலாளிக்கும் கல்விக் கணக்கு! முழுநேர வேலை செய்பவருக்கு ஆண்டுக்கு 500 யூரோ ஏறும், 5,000 வரை சேரும். படிப்புக் குறைந்தவருக்கு? குறைவாகத்தான் இருக்கும் என்று எண்ணுவீர்கள். இல்லை! 800 யூரோ, 8,000 வரை. குறைவாகப் பெற்றவனுக்குக் கூடுதலாகக் கொடு என்கிறது அந்தச் சட்டம். நாம் இங்கே சமூகநீதி என்று முழங்குகிறோமே, அதே தத்துவம் அங்கே கணக்குப் புத்தகத்திலே ஏறியிருக்கிறது.

ஐரோப்பா பொன்னுலகம் என்று சொல்ல வரவில்லை. 2030-க்குள் பெரியவர்களில் 80 விழுக்காட்டினருக்கு அடிப்படை டிஜிட்டல் திறன் வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் இலக்கு வைத்தது. 2023-லே எட்டியது ஏறத்தாழ 56 விழுக்காடு. பிரான்சிலே கல்விக் கணக்கைக் கைப்பேசிச் செயலியிலே 2019-லே கொடுத்தார்கள். மோசடிக்காரர்கள் தொலைபேசியிலே அழைத்து அழைத்து அந்தப் பணத்தைச் சுருட்டினார்கள். அப்படி அழைத்து விற்பதைத் தடுக்க 2022 டிசம்பரிலே தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. பாடம் என்ன? பணத்தைக் கைப்பேசியிலே போட்டுவிட்டு, பக்கத்திலே ஆசானை நிறுத்த மறந்தால், மோசடிக்காரன் ஆசானாகிவிடுவான். நல்லதை எடுப்போம், இடறிய இடத்திலே நாம் இடறாதிருப்போம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பாரிஸ் நகரத் தொழிலாளி உடுத்தியிருக்கும் பனியனை நம் தங்கை தைத்திருக்கக்கூடும். அதை உடுத்தியவனுக்கு ஆண்டுக்கு 500 யூரோ கல்விக் கணக்கு. தைத்தவளுக்கு ஐந்தாண்டுக்கும் சேர்த்து 207 ரூபாய்!

"அது பணக்கார நாடு, நமக்கு அப்படி வரி போட்டுப் பழக்கமில்லை" என்பார்கள். பழக்கம் இல்லையா? நம் சென்னை மாகாணம் 1948-லே பொது நூலகச் சட்டம் செய்தது. இந்தியாவிலேயே வழிகாட்டிய சட்டம். நூலகத் தந்தை அரங்கநாதன் அவர்களின் உழைப்பு அதிலே உண்டு. சொத்துவரியோடு நூலக வரி. இன்று ரூபாய்க்குப் பத்துக் காசு. இந்த ஊரிலே பனியன் கம்பெனிக் கட்டடத்துக்குச் சொத்துவரி கட்டும் ஒவ்வொருவரும் அந்த நூலக வரியைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். பெரியவர் படிப்புக்காக வரி என்பது பிரெஞ்சுக்காரன் கண்டுபிடிப்பு அல்ல. நம் வீட்டுச் சொத்து!

துணித் தொழிலிலேயே இன்னொரு சான்று. 1953-லே ஆலைத் துணிக்குக் கெசத்துக்கு மூன்று தம்பிடி கூடுதல் தீர்வை போட்டார்கள். எதற்கு? கைத்தறிக்கும் கதருக்கும் கைகொடுக்க. பெரிய இயந்திரம் சிறிய தறிக்கு மூன்று தம்பிடி தரட்டும் என்றது அன்றைய சட்டம். மூன்று தம்பிடியால் ஆலைகள் மூழ்கிவிடவில்லை.

அந்த வழியிலே ஒரு கணக்குச் சொல்கிறேன். 2024-25-லே திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய். நூறு ரூபாய்க்குப் பத்துக் காசு ஒதுக்குங்கள். பத்தே காசு! 40 கோடி ரூபாய் ஆண்டுதோறும் சேரும். எழுத்தறிவுக்காக ஒன்றிய அரசு நாடு முழுமைக்கும் தரும் பங்கு, ஆண்டுக்குச் சராசரி 140 கோடிதான் என்பதையும் பக்கத்திலே வைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஓர் இலட்சம் தொழிலாளரைப் படிக்க அழைத்தால், தலைக்கு 4,000 ரூபாய். ஊரிலே ஆறு இலட்சம் பேர் உழைக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், ஆறே ஆண்டிலே அனைவரையும் எட்டிவிடலாம்.

"அமெரிக்கா 2025 ஆகஸ்டிலே 50 விழுக்காடு வரி போட்டதே, எத்தனை கம்பெனி தத்தளித்தது, இந்த நேரத்திலா?" என்று முதலாளிமார் கேட்கலாம். அவர்கள் பட்ட வேதனையை மறுக்கவில்லை. ஆகவேதான் சின்னஞ்சிறு ஜாப் ஒர்க் பட்டறைகளை விட்டுவிடுங்கள் என்கிறேன். ஏற்றுமதியாளர் பத்துக் காசு தரட்டும். வாங்கும் வெளிநாட்டு நிறுவனம் இன்னொரு பத்துக் காசு தரட்டும். மாநில அரசு தன் பங்கையும், ஒன்றிய அரசு தன் பங்கையும் தரட்டும். 2023-லே ஒரு பொய்க் காணொளி விளைத்த நட்டத்தைக் கண்டவர்களுக்கு, பத்துக் காசு செலவா, காப்பீடா என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

பணம் வந்தால் எதற்குச் செலவிடுவது? இங்கேதான் என் உரையின் உயிர் இருக்கிறது.

பள்ளிப் பிள்ளைக்குப் புத்தகம் கொடுத்தால் படிக்கும். அதன் நேரம் அதனுடையது. பெரியவரின் நேரம் யாருடையது? காலையிலே கம்பெனி விசில். இரவு எட்டு வரை ஒன்றரை ஷிப்டு. பிறகு அடுப்பு, தண்ணீர், பிள்ளை. அந்தத் தாயைப் பார்த்து, "ஒன்பது மணிக்கு வா, இலவசமாகக் கற்றுத் தருகிறேன்" என்றால், அது இலவசமா? அவளுடைய உறக்கத்தை விலையாகக் கேட்கிறோம்! பீஸ் ரேட்டிலே இருப்பவர் ஒரு மணி நேரம் படித்தால் ஒரு மணி நேரக் கூலி போகிறது. ஏழையின் கல்விக்கு ஏழையே தன் கூலியால் நிதி தருகிறான் என்று பொருள். அதன் பெயர் திட்டமா?

ஆகவே முதல் கோரிக்கை: வாரத்தில் ஒரு மணி நேரம், ஷிப்டுக்கு உள்ளே, கூலி குறையாமல் படிப்பு. இரண்டாவது: ஆசானுக்கு ஊதியம், தொண்டர் துணை நிற்கட்டும், ஆனால் ஆசான் பட்டினி கிடக்க வேண்டாம். மூன்றாவது: நூலகக் கிளைகளிலே கணினியும் இணையமும் வைத்து, ஞாயிறு தவறாமல் திறந்து, சொல்லித்தர ஓர் ஆளை நிறுத்துதல். நான்காவது: பாடம் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும். கூலிச் சீட்டே முதல் பாடப்புத்தகம். வைப்புநிதிக் கணக்கே கணிதம். ஒருமுறை எண்ணை எவனுக்கும் சொல்லாதே என்பதே ஒழுக்கப் பாடம். வந்த செய்தியைப் பரப்புமுன் எங்கிருந்து வந்தது என்று கேட்பதே பகுத்தறிவுப் பாடம்!

ஐந்தாவது, மொழி. ஒடிசாவிலிருந்து வந்தவருக்கு ஒடியாவிலே, வங்கத்திலிருந்து வந்தவருக்கு வங்காளத்திலே, பீகாரிலிருந்து வந்தவருக்கு அவர் அறிந்த மொழியிலே எழுத்துக் கற்பிக்க வேண்டும். கூடவே இங்கே வாழத் தேவையான தமிழ். இந்தி ஆதிக்கத்தை எதிர்க்கும் நாம் இப்படிச் சொல்லலாமா என்று சிலர் வியக்கலாம். நாம் எதிர்ப்பது திணிப்பை. தாய்மொழியிலே கல்வி என்ற கொள்கை நமக்கு மட்டும் உரிய தனிச்சொத்து அல்ல. நம் பக்கத்து இயந்திரத்திலே அமர்ந்து தைக்கும் தோழனுக்கும் அது உரியது.

இறுதியாக, கழகத் தோழர்களுக்கு. நான் கல்லூரியிலே இரண்டாம் ஆண்டோடு நின்றவன்; வீட்டு நிலை அதற்குமேல் விடவில்லை. எஞ்சிய படிப்பை எனக்குத் தந்தவை படிப்பகங்கள். நம் முன்னோர் முடிதிருத்தும் நிலையத்தையும், தேநீர்க் கடையையும், தையற் கடையையும் கல்விக்கூடமாக்கினார்கள். ஒருவர் ஏட்டை உரக்கப் படிப்பார், எழுத்தறியாத பத்துப் பேர் கேட்பார்கள், கேட்டவர்கள் விவாதிப்பார்கள், விவாதித்தவர்கள் நாட்டை மாற்றினார்கள். அந்த ஏடு இன்று கைப்பேசிக்குள்ளே போயிருக்கிறது. ஒவ்வொரு கிளையும் தன் படிப்பகத்திலே ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும். படிவத்தை நீங்களே நிரப்பிக் கொடுத்துவிடாதீர்கள், நிரப்பக் கற்றுக்கொடுங்கள். வசனம் எடுத்துக் கொடுப்பவர்களாக இராதீர்கள். வசனத்தை அவர்களுக்கே சொந்தமாக்குங்கள்.

ஆனால் அத்தோடு நின்றுவிட்டால், நாமும் 207 ரூபாய்க்காரர்களுக்குத் துணை போனவர்களாவோம். நம் தொண்டு அரசின் கடமைக்கு மாற்று அல்ல. அரசைக் கடமைக்கு அழைக்கும் மணியோசை. மாநகராட்சியிலே கேளுங்கள்: நூலக வரி எவ்வளவு வசூலாயிற்று, நூலக ஆணைக்குழுவுக்கு எவ்வளவு செலுத்தப்பட்டது, அதிலே பெரியவர் கல்விக்கு எவ்வளவு? சட்டமன்றத்திலே நம்மவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். நாடாளுமன்றத்திலே 207-ஐயும் 13,000-ஐயும் பக்கத்திலே பக்கத்திலே வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நம் ஆட்சியானாலும் பிறர் ஆட்சியானாலும் இந்தக் கேள்வி மாறக்கூடாது.

1984-லே இந்த ஊர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தது. பஞ்சப்படிக்காகப் பசியைத் தாங்கியது. அது வயிற்றுக்கான போர். வென்றாக வேண்டிய போர். இன்று நாம் கேட்பது அதன் அடுத்த படி. அன்று பஞ்சப்படி கேட்டோம். இன்று படிப்புப்படி கேட்கிறோம்! கூலியிலே அது ஒரு பங்கு, சலுகையல்ல, பிச்சையல்ல.

உலகத்துக்கே உடை தைத்துத் தருகிறீர்கள். உங்கள் பெயரை நீங்களே படித்து, உங்கள் கணக்கை நீங்களே திறந்து, உங்கள் உரிமையை நீங்களே கேட்கும் நாள் வர வேண்டும். அதற்காக வாரத்தில் ஒரு மணி நேரம், நூறு ரூபாய்க்குப் பத்துக் காசு. இது நடக்கும் வரை கேட்போம்.